மோடம் வரைக்கும் உயிர் இருந்தது: இரண்டு லைன், ஒரு ரவுட்டர், ஒரு நிகழ்வு ஆய்வு

காலை 10:40க்கு இணையம் நின்றது. 11:27க்கு, கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா ரவுட்டரின் முதல் போர்ட்டிலிருந்த கேபிளைக் கையால் உருவினார். சில வினாடிகளில் எல்லாம் திரும்ப ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட 47 நிமிடமும் இரண்டாவது லைன் நல்ல நிலையில், முழு வேகத்தோடு, யாரும் தொடாமல் கிடந்தது.

அந்த அலுவலகத்தில் 34 பேர். வேலை முழுக்கத் தொலைபேசியிலும் உலாவியிலும்தான். அதனால்தான் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் இரண்டு ஃபைபர் லைன் வாங்கி, ஒன்று போனால் மற்றொன்று எடுத்துக்கொள்ளும்படி ரவுட்டரில் அமைத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்ததும் அக்கா கேட்டது: "தம்பி, ரெண்டு லைனுக்கும் மாசாமாசம் காசு கட்டுறோம். அப்புறம் ஏன் நின்னுச்சு?" இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

கேபிளை உருவியதும் சரியானது என்பதிலேயே பாதி விடை இருந்தது. மாறிக்கொள்ளும் வேலை ரவுட்டருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது மாற வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

முதல் லைன் 200 எம்பிபிஎஸ், இரண்டாவது 100 எம்பிபிஎஸ். இரண்டு மோடமும் வெறும் பாலமாக (பிரிட்ஜ் முறையில்) இல்லை, தாங்களே உள்முகவரி வைத்து வழி காட்டும் ரவுட்டர் முறையிலேயே ஓடின. முதல் மோடத்தின் உள்முகவரி 192.168.1.1, இரண்டாவதற்கு 192.168.2.1. இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு மோடமும் பெட்டியிலிருந்து வரும்போது பெரும்பாலும் ஒரே 192.168.1.1 என்ற முகவரியோடுதான் வரும். அப்படியே இரண்டையும் செருகினால், ஒரே முகவரி இரண்டு வாசலிலும் இருக்கும், ரவுட்டர் எந்த வாசலில் தட்டுவது என்று குழம்பும். முன்பு அமைத்தவர் இதைக் கவனித்து ஒன்றை மாற்றியிருந்தார். நல்ல வேலை.

நடுவில் இருந்த ரவுட்டர், ரவுட்டர்ஓஎஸ் 7 என்ற இயங்குதளத்தில் ஓடும் மைக்ரோடிக் நிறுவனத்துடையது. அதில் இரண்டு டீஃபால்ட் ரூட், அதாவது தனி வழி சொல்லாத எல்லாப் போக்குவரத்துக்குமான பொது வழி. முதல் லைனுக்கு டிஸ்டன்ஸ் 1, இரண்டாவதற்கு 2. சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. இரண்டிலும் கேட்வேயை, அதாவது ரூட் அடுத்துப் போய்ச் சேரும் சாதனத்தை, பிங் செய்து (இருக்கிறாயா என்று சின்னக் கேள்வி அனுப்பி) பார்க்கும் வசதி இயக்கத்தில் இருந்தது. 10 வினாடிக்கு ஒருமுறை கேட்வேக்கு ஒரு பிங் போகும். தொடர்ந்து இரண்டு முறை பதில் வராவிட்டால் அந்த ரூட் செத்ததாகக் கணக்கு. ஏட்டில் பார்த்தால் குறையே இல்லை.

சரி, இங்கே கேட்வே யார்? 192.168.1.1. அதாவது ரவுட்டருக்குப் பக்கத்திலேயே, அதே அலமாரியில், ஒரு மீட்டர் கேபிள் தூரத்தில் இருக்கும் மோடம். ரவுட்டர் நாள் முழுக்கச் சோதித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு மீட்டர் கேபிளைத்தான். அன்று காலை அறுந்தது மோடத்துக்கு அப்பால் எங்கோ. மோடம் வரைக்கும் உயிர் இருந்தது. மோடமும் ஒவ்வொரு பிங்குக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ரவுட்டரின் பதிவுகளில் அந்த 47 நிமிடத்துக்கு ஒரு வரி கூட இல்லை.

இந்த ஒரே தவறைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். ஃபெயில்ஓவர் (லைன் மாற்றம்) என்றதும் எல்லாரும் எப்படி மாற்றுவது என்பதையே யோசிக்கிறோம். எதை வைத்து லைன் செத்தது என்று முடிவு செய்வது, எதை வைத்துப் பிழைத்தது என்று நம்புவது, இந்த இரண்டையும் கடைசி வரை யோசிப்பதில்லை.

மோடத்துக்கு அப்பால் பார்ப்பது

சோதனையை வெளியே தள்ள வேண்டும். ரவுட்டர்ஓஎஸ்ஸில் இதற்கு ரிகர்சிவ் ரூட் என்று ஒரு வழி இருக்கிறது. இணையத்தில் எப்போதும் விழித்திருக்கும் ஒரு முகவரியை எடுத்துக்கொள்வோம், உதாரணத்துக்கு 8.8.4.4. முதலில், அந்த ஒரு முகவரிக்கு மட்டும் முதல் மோடம் வழியாகத்தான் போக வேண்டும் என்று ஒரு ரூட். அடுத்து, டீஃபால்ட் ரூட்டின் கேட்வே மோடம் இல்லை, அந்த 8.8.4.4தான் என்று இன்னொரு ரூட். இப்போது கேட்வேயைப் பிங் செய்வது என்றால் மோடத்தைத் தாண்டி, நிறுவனத்தின் வலையைத் தாண்டி, வெளியே போய் வருவது என்று பொருள். உண்மையான டேட்டா 8.8.4.4க்குப் போகாது. அது வழக்கம்போல மோடம் வழியாகத் தன் இடத்துக்குப் போகும். வழி உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மட்டுமே அந்த முகவரி.

இந்த இரண்டு ரூட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள ஸ்கோப் எண்கள் (எந்த ரூட் எதை நம்பித் தன் கேட்வேயைத் தேடலாம் என்று சொல்பவை) பொருந்த வேண்டும். 8.8.4.4க்கான ரூட்டில் ஸ்கோப் 10, டீஃபால்ட் ரூட்டில் டார்கெட் ஸ்கோப் 11 என்று வைத்தேன். பழைய 6ஆம் பதிப்புக்கான குறிப்புகளில் இரண்டுமே 10 என்று இருக்கும். அதை அப்படியே 7இல் போட்டால் ரூட் இயங்காமல் கிடக்கும், ஏன் என்று ரவுட்டரும் சொல்லாது.

ஒரே ஒரு முகவரியை நம்பி லைனைக் கொல்லக் கூடாது. அந்த முகவரிக்கே ஏதாவது ஆகலாம், அல்லது பிங்குக்குப் பதில் சொல்வதை அது நிறுத்தலாம். எனவே லைனுக்கு இரண்டு சாட்சி முகவரி. முதல் லைனுக்கு 8.8.4.4, 9.9.9.9. இரண்டாவதற்கு 1.0.0.1, 208.67.222.222. டிஸ்டன்ஸ் 1, 2 இரண்டும் முதல் லைன். 3, 4 இரண்டாவது லைன். முதல் லைனின் இரண்டு சாட்சிகளும் வாய் மூடினால்தான் போக்குவரத்து 3க்கு இறங்கும்.

சாட்சியாக வைக்கும் முகவரியை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. 8.8.4.4க்கு முதல் லைன் வழியாக மட்டுமே போக வேண்டும் என்று ஆணி அடித்துவிட்டோம். யாராவது தன் கணினியில் டிஎன்எஸ்ஸாக (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வராக) 8.8.4.4ஐப் போட்டிருந்தால், முதல் லைன் போகும்போது அவருக்கு டிஎன்எஸ்ஸும் போகும். இணையம் இரண்டாவது லைனில் ஓடிக்கொண்டிருக்கும், அவர் திரையில் மட்டும் எந்தத் தளமும் திறக்காது.

டிஎன்எஸ்ஸில் பழைய குறை ஒன்றும் இருந்தது. எல்லாக் கணினிகளுக்கும் முதல் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர் கொடுக்கப்பட்டிருந்தது. பல நிறுவனங்களின் டிஎன்எஸ் தங்கள் வலைக்குள்ளிருந்து வரும் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். இரண்டாவது லைன் வழியாகப் போய்க் கேட்டால் மறுத்துவிடும். கணினிகளுக்கு ரவுட்டரையே டிஎன்எஸ்ஸாக மாற்றினேன். ரவுட்டர் 8.8.8.8, 1.1.1.1 இரண்டிடமும் கேட்கும். அவை சாட்சிப் பட்டியலில் இல்லாததால் எந்த லைன் உயிரோடு இருக்கிறதோ அதன் வழியாகப் போகும்.

தொலைபேசிகள் திரும்பவில்லை

மாலை எல்லாரும் கிளம்பிய பிறகு முதல் சோதனை. ரவுட்டர் கேபிளை நான் தொடவில்லை. அதை உருவினால் நடப்பது ஏற்கெனவே தெரியும், அது வேறொரு கோளாறு. மோடத்தின் பின்னால் ஃபைபர் முனையைக் கழற்றினேன். மோடம் உயிரோடு, உள்ளே பதில் சொல்லிக்கொண்டு, வெளியே எதுவும் இல்லாமல் நின்றது. காலை 10:40இன் அதே நிலை.

உலாவி 26 வினாடியில் திரும்பியது. 10 வினாடி இடைவெளி, இரண்டு முறை தவற வேண்டும் என்ற கணக்கில் 20 முதல் 30 வினாடி வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். ஆனால் இணையம் வழியாகப் பேசும் மேசைத் தொலைபேசிகள் திரும்பவில்லை. 5 நிமிடம் பார்த்தேன், 10 நிமிடம் பார்த்தேன். ஒன்றை அணைத்துப் போட்டேன். 40 வினாடியில் எழுந்து வந்தது, அப்போதும் தொலைபேசி சர்வரில் பதிவாகவில்லை.

இந்த இடத்தில்தான் அதிக நேரம் உட்கார்ந்தேன், அது வீண் போகவில்லை. ரவுட்டரின் கனெக்‌ஷன் டிராக்கிங் பட்டியலை, அதாவது ஓடும் இணைப்புகள் ஒவ்வொன்றையும் குறித்து வைக்கும் ஏட்டை, திறந்தால், தொலைபேசியின் 5060ஆம் போர்ட்டிலிருந்து (இது கேபிள் துளை அல்ல, நிரல்களுக்கான வாசல் எண்) தொலைபேசி சர்வரின் 5060க்கு ஒரு யுடிபி (தொடர்பை முதலில் உறுதி செய்யாமலே அனுப்பும் முறை) பதிவு. அதன் வெளிமுகவரி 192.168.1.2, அதாவது முதல் மோடத்தின் பக்கம் ரவுட்டருக்கு இருக்கும் முகவரி. லைன் மாறி 10 நிமிடம் ஆகியும் அந்தப் பதிவு பழைய முகவரியோடு அப்படியே இருந்தது.

காரணம் இதுதான். எந்த முகவரியைப் போர்த்திக்கொண்டு வெளியே போவது என்ற முடிவு ஒவ்வொரு இணைப்புக்கும் முதல் பாக்கெட்டிலேயே, அதாவது டேட்டாவின் முதல் துண்டிலேயே, எடுக்கப்படுகிறது. அடுத்தடுத்த பாக்கெட்டுகள் அந்தப் பதிவைப் பார்த்தே நடக்கும். ரூட் இரண்டாவது லைனுக்கு மாறிவிட்டது, பதிவு மாறவில்லை. எனவே தொலைபேசியின் பாக்கெட் முதல் லைனின் சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டாவது மோடத்தின் வாசலில் போய் நின்றது. அந்த மோடத்துக்கு 192.168.1.2 யாரென்றே தெரியாது.

பேச்சு இல்லாத யுடிபி பதிவு தானாகவே காலாவதியாகும். இந்த ரவுட்டரில் இருவழி யுடிபி பதிவுக்கு 3 நிமிடம். ஆனால் தொலைபேசி சும்மா இருக்காது. வழி மூடிவிடாமல் இருக்க 20 வினாடிக்கு ஒருமுறை ஒரு சின்ன பாக்கெட் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் பழைய பதிவின் ஆயுளை நீட்டும். அணைத்துப் போட்டும் பயனில்லாமல் போனதும் இதனால்தான். 40 வினாடியில் எழுந்து அதே போர்ட்டிலிருந்து அதே சர்வரைக் கூப்பிட்டது. 3 நிமிடம் ஆகாததால் பழைய பதிவே அதைப் பிடித்துக்கொண்டது. 4 நிமிடம் அணைத்து வைத்துப் போட்டதும் சர்வரில் பதிவாகிவிட்டது. அந்த நொடியில் காரணம் உறுதியானது.

அப்படியானால் அன்று காலை அக்கா கேபிளை உருவியபோது தொலைபேசிகள் மட்டும் எப்படி உடனே வந்தன? வெளிமுகவரியைப் போர்த்தும் மாஸ்க்வரேடு விதிக்கு ஒரு குணம் உண்டு. இன்டர்ஃபேஸ் (ரவுட்டரில் கேபிள் செருகிய முனை) கீழே போனாலோ அதன் முகவரி மாறினாலோ, அந்த இன்டர்ஃபேஸ் சார்ந்த பதிவுகள் எல்லாவற்றையும் அது துடைத்துவிடும். கேபிள் உருவப்பட்டதும் துடைத்தது. ஃபைபர் அறுந்தால் இன்டர்ஃபேஸ் மேலேயேதான் இருக்கிறது, துடைக்க யாருமில்லை. கேபிளை உருவிச் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று போயிருந்தால் தொலைபேசிச் சிக்கல் கண்ணிலேயே பட்டிருக்காது.

தீர்வு சிறியது. லைன் செத்தது என்று முடிவாகும் கணத்தில், அந்த லைனைச் சேர்ந்த கனெக்‌ஷன் பதிவுகளை ஒரு சிறு ஸ்கிரிப்ட் அழித்துவிடும். டிசிபி இணைப்புகளுக்கும் (உலாவி போடுவது போன்றவை) இது நல்லதே. அவை எப்படியும் அறுந்துதான் ஆக வேண்டும், வெளிமுகவரி மாறிவிட்டதல்லவா. பதிவை அழித்தால் அடுத்த பாக்கெட் புது முகவரியோடு சர்வருக்குப் போகும். சர்வர் தெரியாத ஆள் என்று உடனே மறுக்கும், உலாவி புதிய இணைப்பு போட்டுக்கொள்ளும். அழிக்காவிட்டால் பதிலே வராத நீண்ட காத்திருப்பு. 2021 மே மாதம் தரநிலையாக வந்த குயிக் நெறிமுறை இணைப்பை முகவரியால் அல்லாமல் தனி அடையாள எண்ணால் தொடர்கிறது. அதனால் அதில் ஓடும் தளங்கள் பல நேரம் அறுபடாமலேயே தொடரும்.

200 கூட்டல் 100

அலுவலகத் தலைவரின் விருப்பம் வேறொன்று. இரண்டாவது லைன் ஏன் சும்மா கிடக்க வேண்டும், இரண்டையும் சேர்த்து 300 ஆக்க முடியாதா? சேர்த்துப் பயன்படுத்த முடியும், 300 ஆக்க முடியாது. ஒரு கோப்பை ஒரே இணைப்பில் இறக்கினால் அது ஒரு லைனில்தான் வரும், அதிகபட்சம் 200. லோடு பேலன்சிங் என்பது வண்டிகளை இரண்டு சாலையில் பிரித்து அனுப்புவது. ஒரே வண்டி இரண்டு சாலையில் ஓடாது. 34 பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இடத்தில் அதுவே பெரிய உதவி. அதை மட்டும் சொல்லிவிட்டு, வேகச் சோதனைத் தளத்தில் 300ஐ எதிர்பார்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன்.

பிசிசி என்ற முறையைப் பயன்படுத்தினேன். புது இணைப்பின் முதல் பாக்கெட்டிலிருந்து நாம் சொல்லும் விவரங்களை எடுத்து, ஒரு எண்ணாகச் சுருக்கி, அதை 3ஆல் வகுத்து மீதியைப் பார்க்கும். மீதி 0 அல்லது 1 என்றால் முதல் லைன், 2 என்றால் இரண்டாவது. 200க்கு 100 என்ற விகிதம் அப்படியே வந்துவிடுகிறது. முடிவு முத்திரையாக அந்த இணைப்பின் மேல் ஒட்டப்படும். பிறகு வரும் பாக்கெட்டுகள் முத்திரையைப் பார்த்து அந்தந்த ரூட்டிங் டேபிளுக்கு (வழிகளின் பட்டியலுக்கு) போகும்.

எந்த விவரங்களை எடுப்பது என்பதில்தான் அனுபவம் பேசுகிறது. இருபக்க முகவரியும் போர்ட்டும் சேர்த்தால் பங்கீடு மிக அழகாக வரும். அப்படித்தான் முதலில் வைத்தேன். மறுநாள் 9:30க்கே அக்காவிடமிருந்து அழைப்பு, வங்கித் தளம் உள்ளே விட்ட வேகத்தில் வெளியே தள்ளுகிறது என்று. ஒரே பக்கத்தின் ஒரு பகுதி ஒரு லைனிலும் இன்னொரு பகுதி மற்றொரு லைனிலும் போனது. வங்கியின் பார்வையில் ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு ஊரிலிருந்து நுழைவது போல. அது கதவைச் சாத்தியதில் தவறில்லை.

போர்ட்டை எடுத்துவிட்டு இருபக்க முகவரி மட்டும் வைத்தேன். ஒரு கணினிக்கும் ஒரு சர்வருக்கும் இடையே எப்போதும் ஒரே லைன். பெரும்பாலான தளங்கள் சரியாகின. வங்கி மட்டும் பாதி சரியானது. உள்நுழைவு ஒரு சர்வரில், பணம் அனுப்புவது இன்னொரு சர்வரில், இரண்டுக்கும் மீதி வேறு. கடைசியில் கணக்குப் பிரிவின் 4 கணினிகளைத் தனிப் பட்டியலாக்கி, பிசிசிக்கு முன்பே முதல் லைனோடு கட்டினேன். முதல் லைன் போனால் மட்டும் இரண்டாவது. தொலைபேசிகளை இரண்டாவது லைனோடு கட்டினேன். ஜி.711 குரல் அழைப்பு ஒன்றுக்கு ஒரு திசையில் சுமார் 87 கிலோபிட்தான் ஆகிறது. 20 பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 2 மெகாபிட்டைக் கூடத் தொடாது. அதற்குத் தேவை அகலம் இல்லை, சீரான ஓட்டம். யாராவது பெரிய கோப்பை இறக்கும் லைனில் அதை விடக் கூடாது.

ஃபாஸ்ட்டிராக் விதியை இங்கே மறக்கக் கூடாது. ரவுட்டரின் சுமையைக் குறைக்க, ஏற்கெனவே அறிமுகமான இணைப்புகளைக் குறுக்கு வழியில் அனுப்புகிறது அது. அந்தக் குறுக்கு வழி முத்திரை பார்க்கும் இடத்தைத் தாண்டிப் போகிறது. இரண்டாவது லைனின் முத்திரை பெற்ற இணைப்பு தொடக்கத்தில் சரியாகப் போய், பிறகு முதல் லைனின் வாசலுக்குத் திரும்பி, நடுவழியில் நின்றுவிடும். முத்திரை இல்லாத இணைப்புக்கு மட்டும் ஃபாஸ்ட்டிராக் என்று சுருக்கினேன். சிபியு சுமை கூடியது, தாங்கும் அளவுதான்.

போவதைவிடத் திரும்புவது கடினம்

முதல் லைன் செத்திருக்கிறது. ஆனாலும் பிசிசி தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். மீதி 0 வந்த புது இணைப்புக்கு முதல் லைன் முத்திரையையே ஒட்டும். அந்த டேபிளில் மாற்று ரூட்டாக இரண்டாவது லைன் இருப்பதால் அது வழியாகப் போகும், இரண்டாவது லைனின் முகவரியைப் போர்த்திக்கொண்டு. எல்லாம் ஓடுகிறது. 20 நிமிடம் கழித்து முதல் லைன் உயிர் பெறுகிறது. முத்திரை முதல் லைன் என்பதால் அடுத்த பாக்கெட்டே முதல் லைனுக்குத் தாவும். போர்த்திய முகவரியோ இரண்டாவது லைனுடையது. அறுந்தது. முதல் சோதனையில் தொலைபேசிக்கு நேர்ந்த அதே கதை, திசை மட்டும் மாறி. ஓடிக்கொண்டிருந்த வீடியோ கூட்டங்கள் எல்லாம், லைன் சரியாகும் நேரத்தில் விழும்.

இதைத் தடுக்க வேண்டுமானால் செத்த லைனின் முத்திரையைப் புது இணைப்புகளுக்கு ஒட்டவே கூடாது. லைன் போனதும் ஸ்கிரிப்ட் அந்த லைனின் பிசிசி விதிகளையும், அதோடு கட்டிய தனிப்பட்டியல் விதியையும் நிறுத்தும். கூடவே, இன்னும் முத்திரை பெறாத புது இணைப்புகள் எல்லாம் மற்ற லைனுக்கு என்ற ஒரு பொது விதியை இயக்கும். லைன் திரும்பியதும் தலைகீழாக மாற்றும். இடைப்பட்ட நேரத்தில் தொடங்கிய இணைப்புகள் இரண்டாவது லைனின் முத்திரையோடு இருப்பதால் அங்கேயே தொடர்ந்து, தம் வேலை முடிந்து, தாமாகவே ஓயும். புதியவை மட்டும் முதல் லைனுக்குப் போகும். இரண்டு லைனுக்கும் இதே ஏற்பாடு.

பாதி செத்த லைன்

ஒரு வாரம் கழித்து வந்த கோளாறு எதிர்பாராதது. மாலை வேளையில் முதல் லைனில் மூன்றில் ஒரு பங்கு பாக்கெட் தொலைந்தது. முழுதாகச் செத்தால் நம் ஏற்பாடு பார்த்துக்கொள்ளும். பாதி உயிரோடு இழுத்துக்கொண்டிருந்தால்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பிங்கும் மூன்றில் ஒரு வாய்ப்பில் தவறுகிறது. ஒன்று தவறினால் மற்றதும் தவறும் என்ற தொடர்பு இல்லை என்று வைத்துக்கொண்டால், அடுத்தடுத்து இரண்டு தவற சராசரியாக 12 பிங் ஆகும். 10 வினாடிக்கு ஒன்று என்றால் 2 நிமிடம். அதாவது ஒரு சாட்சி 2 நிமிடத்துக்கு ஒருமுறை சாகிறது, ஒரே ஒரு பதில் வந்ததும் உயிர்க்கிறது. இரண்டு சாட்சியும் ஒரே நேரத்தில் சாவது அதைவிட அரிது, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை போல. ரவுட்டரின் பதிவிலும் கிட்டத்தட்ட அந்த இடைவெளியில்தான் வரிகள் இருந்தன. கால் மணிக்கு ஒருமுறை எல்லாரையும் இரண்டாவது லைனுக்குத் தள்ளி, சில வினாடியில் மறுபடி கெட்ட லைனுக்கே இழுத்து வந்தது. தொடர்ந்து மெதுவாக இருந்தால் கூடப் பொறுத்துக்கொள்வார்கள். இப்படி ஆட்டுவதைத் தாங்க முடியாது.

இதற்கு இன்னொரு காவல் வைத்தேன். 15 வினாடிக்கு ஒருமுறை ஓடும் ஸ்கிரிப்ட், ஒவ்வொரு சாட்சிக்கும் 10 பிங் அனுப்பி எண்ணும். இரண்டு சாட்சியிலும் 10க்கு 3 அல்லது அதற்கு மேல் தொலைந்தால் அது கெட்ட சுற்று. தொடர்ந்து 3 கெட்ட சுற்று வந்தால் முதல் லைனை ஒதுக்கிவிடும். திரும்பச் சேர்க்க, ஒரு பாக்கெட் கூடத் தொலையாத 20 சுற்று தொடர்ந்து வர வேண்டும், அதாவது 5 நிமிடம். சாட்சிகளுக்கான தனி ரூட்டுகள் எப்போதும் இருப்பதால், ஒதுக்கிய லைனையும் தொடர்ந்து சோதிக்க முடிகிறது.

வெளியேற 45 வினாடி, திரும்ப 5 நிமிடம். இந்த ஏற்றத்தாழ்வு வேண்டுமென்றே வைத்தது. நல்ல லைனில் இருப்பவர்களைத் திரும்ப அழைத்து வர அவசரம் எதுவும் இல்லை. ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு எம்வான்3 நிரலில் இதற்கு நிகரான அமைப்பு கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. எத்தனை தோல்விக்குப் பிறகு கீழே, எத்தனை வெற்றிக்குப் பிறகு மேலே என்று தனித்தனி எண்கள். இரண்டையும் ஒரே எண்ணாக விட்டுவிடாதீர்கள்.

இதைச் சோதிக்கக் கெட்ட லைன் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஃபயர்வாலில் ரேண்டம் என்ற நிபந்தனை இருக்கிறது. முதல் லைனிலிருந்து வருவதில் நூற்றுக்கு 33 பாக்கெட்டைக் கைவிடும்படி ஒரு விதி போட்டேன். ரவுட்டருக்கே வரும் பிங் பதில்களுக்கு இன்புட்டில் ஒன்று, உள்ளே போகும் போக்குவரத்துக்கு ஃபார்வர்டில் ஒன்று. விதிகளை இயக்கியதும் 52 வினாடியில் லைன் ஒதுக்கப்பட்டது. நிறுத்தி 5 நிமிடம் கடந்ததும் சேர்ந்தது. அந்த நேரம் முழுக்க ஒரு தொலைபேசி அழைப்பையும் ஒரு வீடியோ கூட்டத்தையும் திறந்தே வைத்திருந்தோம். ஒதுக்கப்பட்டபோது கூட்டம் சில வினாடி உறைந்து மீண்டது. திரும்பச் சேர்ந்தபோது எதுவும் அசையவில்லை. தொலைபேசி இரண்டாவது லைனில் இருப்பதால் அதற்கு இரண்டு முறையும் பாதிப்பில்லை.

பிறகு முழுச் சாவுச் சோதனையையும் திரும்பச் செய்தேன், இம்முறை இரண்டாவது மோடத்தின் ஃபைபரைக் கழற்றி. தொலைபேசிகள் 41 வினாடியில் முதல் லைனில் பதிவாகின.

ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையை உள்வலையில் இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன், மனமில்லாமல்தான். முதல் நிறுவனம் தருகிறது, இரண்டாவது தரவில்லை. முதல் லைன் போனால் கணினிகள் கையில் வைத்திருக்கும் ஐபிவி6 முகவரி செல்லாக்காசு. உலாவிகள் இரண்டு வழியையும் முயன்று பார்த்து மீண்டுவிடும், மற்ற சில நிரல்கள் அதிலேயே தொங்கும். இரண்டாவது நிறுவனமும் தரும்போது இதைத் திரும்ப எடுக்க வேண்டும்.

வேலையை முடித்துக் கிளம்பும்போது அலமாரியின் பின்பக்கம் பார்த்தேன். இரண்டு மோடமும் ரவுட்டரும் ஒரே மின்பலகையில் செருகியிருந்தன. இரண்டாவது மோடத்தையும் ரவுட்டரையும் வேறொரு யுபிஎஸ்ஸுக்கு மாற்ற 10 நிமிடம்தான் ஆனது. இரண்டு ஃபைபரும் சுவரில் ஒரே குழாய் வழியாக உள்ளே வருகின்றன. வெளியே இரண்டும் ஒரே பள்ளத்தில், பக்கத்தில் பக்கத்தில். மண்வெட்டி ஒருமுறை விழுந்தால் இரண்டும் போகும். இரண்டாவது லைனைக் கட்டடத்தின் மறுபக்கத்திலிருந்து கொண்டுவர அந்த நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பதில் இன்னும் வரவில்லை.